ஏழு கிலோமீட்டர் ரயில்வே

ஒரு ரயில்வே கம்பெனியின் மொத்தப் பாதையையும் ஒன்றரை மணி நேரத்தில் நடந்தே கடந்துவிட முடியுமா? முடியும் நேயர்களே! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது ஸ்ட்ராஸ்பர்க் ரயில்ரோடு. நீளம் சுமார் 7 கிலோமீட்டர்தான். ஆனால் உரிமம் வாங்கியது 1832இல்!

இருபுறமும் வயல்கள். அங்கே ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்த விவசாயிகள் இன்றும் குதிரை பூட்டி உழுகிறார்கள். நடுவில் மெதுவாகப் போகிறது சரக்கு ரயில். பெரிய ரயில்வே கொண்டுவரும் வேகன்களை லீமன் பிளேஸ் சந்திப்பில் வாங்கிக்கொண்டு, ஊருக்குள் உரிய இடத்தில் சேர்த்துவிட்டு, காலி வேகன்களோடு திரும்பும். நம்ம ஊர் தபால்காரர் வீடு வீடாகப் போவது போலத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? சில நாட்களில் அந்த வேகன்களை இழுப்பது டீசல் எஞ்சின் அல்ல, புகை கக்கும் நீராவி எஞ்சின்! காட்சிக்காக இல்லை, நிஜமான சரக்கு, நிஜமான கட்டணம். இப்படி ஓடுவது அமெரிக்காவிலேயே மிக அபூர்வம்.

இத்தனைக்கும் இந்தப் பாதை ஒரு காலத்தில் மூடும் நிலைக்கே வந்துவிட்டது. 1958இல் ரயில்மேல் பிரியம் கொண்ட சிலர் ஒன்றுசேர்ந்து, சொந்தப் பணம் போட்டு வாங்கிக் காப்பாற்றிவிட்டார்கள்.