‘எனக்கு வரைய வராது’

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும், தாம்பரத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பலகை வரும். தினமும் அங்கே ஏறி இறங்குபவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நோயாளிகளை நல்ல காற்றிலும் நீண்ட ஓய்விலும் வைத்துப் பராமரித்த இடத்தைத்தான் சானடோரியம் என்றார்கள். டாக்டர் சவுரி முத்து 1928-இல் இங்கே ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திவந்த சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜனும் சில காலம் தங்கி சிகிச்சை பெற்றிருக்கிறார். தாம்பரத்து மருத்துவமனையை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

‘ஆர்ட் தெரபி’ என்ற சொல்லுக்கும் பிறந்த வீடு ஒரு சானடோரியம்தான். அது இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட்டில் இருந்தது. முதல் உலகப்போரின் களக்காட்சிகளை வரைந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938-இல் காசநோயோடு அங்கே சேர்ந்தார். எழுந்து நடமாடக்கூடாது என்பதுதான் அன்றைய வைத்தியம். படுத்தபடியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள்களை அவர் வரையத் தொடங்கினார். நாள்கள் நகர்ந்தன, மனமும் லேசானது. பிறகு அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும், இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டு வந்த வீரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தச் சொல்லை அவர் உருவாக்கியது 1942-இல்.

ஹில்லிடம் கற்றவர்களில் பலர் அதற்கு முன் தூரிகையைத் தொட்டதே இல்லை. இந்த விஷயத்தின் உயிர்நாடியே இதுதான். ஏனென்றால், ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லித்தான் பெரியவர்கள் இந்தப் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுகிறார்கள். பலருக்குக் கடைசியாக வரைந்த படம் பிளஸ் டூ தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் இருக்கும்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கிரிஜா கைமலும் அவரது குழுவினரும், வரையப் பழகாதவர்களுக்கும் இது பலன் தருமா என்று சோதித்துப் பார்த்தார்கள். 18 முதல் 59 வயது வரையுள்ள 39 பேர். களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டக் காகிதம் எல்லாம் மேசையில் இருந்தன. 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யலாம். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதத்தினருக்கு அது குறைந்திருந்தது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2016-இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த வேறொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. நான்கில் ஒருவருக்குக் கார்ட்டிசால் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்திவிட்டு வண்ணப்பெட்டி வாங்க இது காரணம் ஆகாது.

பார்த்து ரசிப்பது மட்டும் போதாதா? ஜெர்மனியில் பணி ஓய்வு பெற்ற 28 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் பத்து வாரம் ஓவியம் செய்தார்கள். மறுபாதியினர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தார்கள். மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பும், துன்பத்தைத் தாங்கும் மன உறுதியும் கூடியது செய்தவர்களிடம்தான். இது வெளிவந்த ஆண்டு 2014.

இன்னொரு நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. மனத்தில் இருக்கும் துக்கத்தையெல்லாம் தாளில் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்கள் சோகத்தில் இருந்தவர்களை வரையச் சொன்னார்கள். சோகத்தையே வரைந்தவர்களைவிட, அதற்குச் சம்பந்தமில்லாத எதையோ வரைந்தவர்களுக்குத்தான் மனநிலை அதிகம் தேறியது. 2005-இல் 84 கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. பதற்றத்தில் இருந்தவர்களிடம் வெற்றுத்தாளைக் கொடுத்தபோது பலன் பெரிதாக இல்லை. சமச்சீரான மண்டல வடிவத்தையோ கட்டம்போட்ட வடிவத்தையோ கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னபோது பதற்றம் இறங்கியது. மனத்துக்குச் சுதந்திரம் மட்டும் போதவில்லை. பிடித்துக்கொள்ள ஓர் ஒழுங்கும் வேண்டியிருக்கிறது.

ஒழுங்கு என்றதும் தாம்பரத்துக்காரர்களுக்கு வேறு எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணி என்ற பேராசிரியர் இருந்தார். புள்ளியியல், பழங்கால எழுத்துகள், பறவைகள் என்று எல்லாவற்றிலும் நாட்டம் கொண்ட மனிதர். ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து 1974-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, வாசல் கோலத்தைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கியது. சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலம் பெரிய கோலமாக வளரும். வாசலில் குனிந்து புள்ளி வைப்பவர் வாய்விட்டுச் சொல்லாமல் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

சிக்குக் கோலம் போடுபவரைக் கவனித்தால் தெரியும். இழை எந்தப் புள்ளியைச் சுற்றி வளைய வேண்டும், எங்கே குறுக்கே கடக்க வேண்டும் என்பதில்தான் கண்ணும் கையும் இருக்கும். நேற்றைய சண்டைக்கோ நாளைய தவணைக்கோ அந்தச் சில நிமிடங்களில் இடம் கிடைப்பது கடினம். துக்கத்தை வரையாமல் வேறொன்றை வரைந்தவர்கள் தேறினார்கள் என்ற முடிவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ‘வரைய வராது’ என்று சொல்லும் பெண்ணும் காலையில் ஊடுபுள்ளியில் பதினைந்து வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறார். அதை அவர் வரைதல் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கணக்கில் வராத பயிற்சியும் இல்லாமல் போய்விட்டது. முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா கலைக்கிராமத்தில் குயவரின் சக்கரத்தில் கை வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு நல்ல தொடக்கமாக இருக்கலாம்.

மேடவாக்கம், சேலையூர்ப் பக்கம் தனிவீடுகள் அடுக்ககங்களாகிவிட்டதால் வாசல் இரண்டடி டைல்ஸாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் மார்கழி இரவுகளில் சாப்பாட்டுக் கடை முடிந்தபின் சில வீடுகளில் பழைய கோல நோட்டு வெளியே வருகிறது. மறுநாள் கோலத்தைப் பென்சிலால் போட்டுப் பார்க்கிறார்கள். இழை தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறதா என்று விரலால் பின்தொடர்கிறார்கள். எங்கோ ஒரு புள்ளி தப்பியிருந்தால், ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி முதல் வரிசையிலிருந்து புள்ளி வைக்கிறார்கள்.