களவு, காமம், துரோகம்: கறுப்புத் திரைப்படங்களை மொழிபெயர்ப்பதில் எழும் சொற்பொருள் சிக்கல்கள்

1. முன்னுரை

1940களில் அமெரிக்காவில் உருவான குற்றப் படங்கள் சிலவற்றைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ ஃபிராங்க் 1946இல் 'ஃபிலிம் நுவார்' எனக் குறித்தார். காதல், காமம், ஒழுக்கச் சிதைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்பது இப்படங்களின் இயல்பு. தமிழில் பெயர்ப்போர் இம்மூன்றையும் சொல்லளவிலேயே பிரித்துவிட நேர்கிறது. அதனால் விளையும் பொருள் இழப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

2. நிறமும் அறமும்

'நுவார்' என்பதற்குக் 'கறுப்பு' நேர்ச்சொல். தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு ஆகியவற்றைச் சினம் உணர்த்தும் சொற்களாகவும் கொள்ளும். கருமையையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் 'கறை' இதற்கு இனமான சொல்லாகும். கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்னும் இக்கால வழக்குகளும் அறப்பிறழ்வையே சுட்டுகின்றன. எனவே ஒளியமைப்பை மட்டும் உணர்த்தும் 'இருள்' என்பதினும் 'கறுப்புத் திரைப்படம்' பொருத்தமானது. கறுப்பு வெள்ளைப் படம் என்று மயங்காதிருக்க, முதலில் வருமிடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படும்.

3. காதலும் காமமும்

திருக்குறளின் மூன்றாம் பாலில் 'காமம்' ஆண் பெண் அன்பைக் குறிக்கிறது. அந்நூலின் 'மெய்யுணர்தல்' அதிகாரத்திலோ அது ஒழிக்கத்தக்க குற்றங்களுள் ஒன்று. இன்றைய வழக்கில் பின்னைய பொருளே நிலைபெற்றுள்ளது. கன்னடத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. பழங்கன்னடத்தில் இருந்த 'காதல்' இன்று வழக்கில் இல்லை. 'பிரீதி', 'பிரேம' ஒருபுறமும் 'காம' மறுபுறமும் நிற்கின்றன. ஆகவே பெங்களூருவில் இரு மொழிகளிலும் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் ஒரே சிக்கலை இருமுறை எதிர்கொள்கிறார்.

'டபுள் இண்டெம்னிட்டி' (1944) படத்தில் காப்பீட்டு முகவர் ஒருவர், வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து அக்கணவரைக் கொல்கிறார். அவர்களைப் பிணைத்தது காதலா, காமமா, பணமா என்பதைப் படம் எளிதில் தீர்த்துவைப்பதில்லை. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை நெறிகளின் காரணமாக உரையாடல் குறிப்புமொழியாக அமைந்தது. அங்கே 'காமம்' என எழுதினால், படம் ஒத்திவைக்கும் தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொண்டு வழங்கியவராவார். 'ஈர்ப்பு', 'மயக்கம்' போன்ற சொற்கள் அந்த ஐயத்தைக் காக்கும்.

முன்னிலைப் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அமைவது தமிழில் 'நீங்கள்', 'நீ' எனப் பிரிகிறது. முகவர் எந்தக் காட்சியில் 'நீ' என்கிறாரோ அந்தக் காட்சியிலேயே எல்லை மீறப்பட்டதாகத் தமிழ் வாசகர் கொள்வார். முதற் சந்திப்பிலேயே அது நேர்ந்தால் அவரது பண்பு மாறிவிடும்.

4. களவும் துரோகமும்

அகப்பொருள் இலக்கணத்தில் 'களவு' மறைவான காதல்; இன்று அது திருட்டு. காதலும் குற்றமும் ஒரு சொல்லில் கூடுவதால் கறுப்புப் படத்திற்கு இச்சொல் ஏற்றதாகத் தோன்றலாம். ஆயினும் அகப்பொருட் களவு குற்றமற்றது, கற்பில் முடிவது. கறுப்புப் படத்தின் மறைவொழுக்கமோ கொலையில் முடிகிறது. எனவே இங்குக் 'கள்ள உறவு' என்பதே தகும்.

தமிழில் இவ்வகைக்கு முன்னோடி எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). ஏவி.எம். தயாரித்த இப்படத்தில் பாடலோ நடனமோ இல்லை. 1943இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாள்களில் வானொலிப் பொறியாளர் ஒருவர் கொல்லப்படுகிறார். மனைவியை ஏமாற்றிய அவர் நாட்டையும் விற்றவர் என்பது விசாரணையில் வெளிப்படுகிறது. இரண்டையும் தமிழ் 'துரோகம்' என்னும் ஒரு சொல்லால் சுட்டும். ஆங்கிலத்தில் சட்டமும் வழக்கும் இரு வேறு சொற்களை ஆள்கின்றன. அமெரிக்கப் படங்களில் ஆணைக் குற்றத்திற்கு இழுப்பவள் பெரும்பாலும் பெண். இங்கு மனைவியே மனச்சான்றாக நிற்கிறாள், குண்டும் அவள் கைத் துப்பாக்கியிலிருந்தே பாய்கிறது. 'துரோகம்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரித்தால் அவள் செயலின் காரணமும் பாதியாகக் குறையும்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால், ஒழுக்கம் சார்ந்த சொற்களில் அகராதி நிகரன் மட்டும் போதாது என்பது பெறப்படும். ஒரு சொல் எவ்விடத்தில் தீர்ப்பாக மாறுகிறது என்பதை அறிந்து, மூலம் தீர்ப்பளிக்காத இடத்தில் தாமும் அளிக்காதிருப்பதே மொழிபெயர்ப்பாளரின் கடமை எனலாம்.