ஒன்றரை ‘உ’

கழுவேலி ஏரிக்கும் கடலுக்கும் இடையிலே, மரக்காணத்து உப்பளத்தருகே, காலை வெயில் கண்ணைக் கூச வைக்கும் வேளையிலே நின்றிருந்தோம். உழைத்துக் களைத்துக் கரையேறிய தோழர் ஒருவர், மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அவர் வாரிக் குவித்த உப்புக்கான கூலிக் கணக்கு. சீட்டின் உச்சியிலே, நடுநாயகமாக ஓர் எழுத்து: ‘உ’.

“இது என்ன?” என்றோம்.

“உப்புக் கணக்கு இல்லீங்களா? அதான் மேல ‘உ’ன்னு போட்டுக் குடுக்கறாங்கன்னு நெனச்சினு இருந்தேன்” என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது; பிறகு சிரித்ததற்காக வெட்கமும் வந்தது. பிள்ளையார் சுழி என்று நாடே அறிந்ததை, அவர் உப்புச் சுழியாகப் படித்திருக்கிறார். யார் சொல்வது தவறென்று? சுழியைப் போட்டவர் பிள்ளையாரை நினைத்தார். சுமையைத் தூக்கியவர் உப்பை நினைத்தார். அவரவர்க்கு அவரவர் ‘உ’!

இந்த ஒற்றை எழுத்து எத்தனை வேடம் கட்டுகிறது, பாருங்கள்.

பழைய கணக்கிலே ‘க’ என்றால் ஒன்று. ‘உ’ என்றால் இரண்டு. ‘அ’ என்றால் எட்டு. எட்டும் இரண்டும் அறியாதவன் என்று ஒருவரை ஏசுகிறார்களே, அந்த எட்டும் இரண்டும் அகரமும் உகரமுந்தான். எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது என்ற இரண்டு வசையை ஒரே மூச்சிலே அடக்கிவிட்டார்கள். படிக்க விடாமல் வைத்திருந்தவர்களே, படிக்கவில்லையே என்று பழிக்கவும் சொல் வைத்திருந்தார்கள்!

தொல்காப்பியம் இதே எழுத்தைச் சுட்டு என்கிறது. ‘அ’ தொலைவிலுள்ளதைக் காட்டும். ‘இ’ அருகிலுள்ளதைக் காட்டும். இடையிலே நிற்பதைக் காட்ட ‘உ’. அவன், இவன், உவன். தமிழகத்திலே நாம் உவனைத் தொலைத்துவிட்டோம். ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழரோடு பேசிப் பாருங்கள்; ‘உது என்ன?’ என்று இன்றும் இயல்பாகக் கேட்பார்கள். கடல் கடந்த தமிழன் கட்டிக் காத்ததை, கரையிலிருந்த நாம் கைநழுவ விட்டோம்.

இனி, பெயரின் முன்னே வந்து நிற்கும் ‘உ’. உ.வே.சா. என்கிறோம். அந்த ‘உ’ அவரது சொந்த ஊரான உத்தமதானபுரம். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த அந்த மனிதர், 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை அச்சேற்றினார். அதிலே அடங்கியது சிறுபாணாற்றுப்படை. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் அந்த நூலிலே வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஓர் ஊரின் முதலெழுத்தைத் தாங்கிய மனிதர், இன்னோர் ஊரின் பழம்புகழை ஏட்டிலிருந்து மீட்டுக் கொடுத்தார்.

இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் ‘உ-ம்’ என்று இருக்கும். உதாரணம் என்பதன் சுருக்கம். பிறகு தமிழுணர்வு தழைத்தது. எடுத்துக்காட்டு என்ற சொல் வந்தது. ‘எ-டு’ அந்த இடத்தில் அமர்ந்தது. சண்டை சச்சரவின்றி நடந்த ஆட்சி மாற்றம்!

வடக்கே போனால் ‘உ.பி.’ இதன் கதை சுவையானது. ஆங்கிலேயர் ஆட்சியிலே அது ஐக்கிய மாகாணம். ஆங்கில எழுத்திலே யு.பி. விடுதலைக்குப் பின் பெயரை மாற்றினார்கள். 1950 ஜனவரி 24-ஆம் நாள் உத்தரப் பிரதேசமாயிற்று. பெயர் போயிற்று, யு.பி. மட்டும் போகவில்லை! ஒரு மாகாணத்தின் முழுப் பெயரே மாறியபோதும், இரண்டெழுத்துச் சுருக்கம் கல்லாக நின்றுவிட்டது. இங்கேயோ ‘உ.பி.’ என்றால் இளைஞர்கள் வேறு பொருள் சொல்வார்கள்: உடன்பிறப்பு. கடிதத்திலே விளித்த சொல், சுருங்கிச் சுருங்கி இரண்டெழுத்தாகி, கேலிக்கும் ஆயிற்று, பெருமைக்கும் ஆயிற்று. உதயசூரியனும் ‘உ’தானே என்று கேட்கத் துடிக்கும் தோழருக்கு: அதைச் சுவர்களே சொல்லும், நாம் வேறு சொல்ல வேண்டுமா!

பிள்ளையார் சுழிக்குத் திரும்புவோம். புது ஓலையையும் எழுத்தாணியையும் சோதித்துப் பார்க்கச் சுழித்த சுழியே அது என்பாருண்டு. உலகம் என்ற சொல்லை முதலாக வைத்து நூல் தொடங்குவது புலவர் வழக்கம். திருமுருகாற்றுப்படை, பெரியபுராணம், கம்பராமாயணம் எல்லாம் அப்படித்தான். நம்மவர் சுழி போடாமல் கடிதம் எழுதப் பழகி எத்தனையோ ஆண்டுகளாயிற்று. ஆயினும் மேடையேறினால் ‘மாநாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் நமது மாவட்டச் செயலாளர்’ என்று முழங்குகிறோம். தாளிலிருந்து இறக்கியதை நாக்கிலிருந்து இறக்கவில்லை.

உலகம் என்றதும் தெற்கே பார்க்கிறோம். அதே கடற்கரைச் சாலையிலே போனால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ஆம் நாள், 124 நாடுகளிலிருந்து கொணர்ந்த மண்ணை ஒரே தாழியிலே இட்டு, 16 மொழிகளிலே சாசனம் படித்து எழுப்பிய நகரம். அந்த மொழிகளிலே தமிழும் ஒன்று. பிரெஞ்சு மொழியிலே ‘ஆரோர்’ விடியல், ‘வில்’ நகரம். உதய நகரம் என்று சொல்லிப் பார்த்தால், அங்கேயும் எட்டிப் பார்க்கிறது ‘உ’! யாருக்கும் தனியுடைமையல்ல, மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்பது அந்தச் சாசனத்தின் முதற்கருத்து. நல்ல கருத்து. அந்த உலக நகரத்துக்கு வடக்கே, அதே கரையிலே, விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார் நமது சீட்டுத் தோழர். அவருக்கும் அது உதயந்தான். வேலைக்குக் கிளம்பும் உதயம்.

உப்பு விளைவதைப் பார்த்திருக்கிறீர்களா? உவர்நீரைப் பாத்தியிலே பாய்ச்சி, வெயில் குடிக்க விட்டு, அடியிலே பூக்கும் வெண்மையைப் பலகையால் வாரி, கரையிலே குவிக்க வேண்டும். காலைப் பிளக்கும் உப்பு. கண்ணைப் பறிக்கும் வெள்ளை. ஐப்பசி மழை வந்தால் பாத்தி கரையும், வேலை நிற்கும். மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று தமிழக அரசு 2022-இல் வழங்கத் தொடங்கியது. வரவேற்கிறோம். அந்தத் தொகையை மழை மாதங்களால் வகுத்துப் பார்க்கவும் நமக்குத் தெரியும்.

சங்க காலத்திலே உமணர் (அவர்களுக்கும் ‘உ’தான்) வண்டி வண்டியாக உப்பை ஏற்றிச் சென்று, நெல்லுக்கு உப்பு நேர் என்று கூவி விற்றார்களாம். இன்று அளத்து மேட்டிலே ஒரு மூட்டை உப்பை வைத்து ஒரு மூட்டை நெல் கேட்டுப் பாருங்கள்! உப்புக்கு வெள்ளையன் போட்ட வரியை எதிர்த்து 1930-இலே வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். 1947-இலே வரி ஒழிந்தது. உப்பு விடுதலை பெற்றது. உப்பு வாரியவர்?

இலக்கண ஆசிரியர் சொல்லித் தந்தது நினைவுக்கு வருகிறது. ‘உப்பு’ என்ற சொல்லிலே இரண்டு உகரம் உண்டு. முதலிலே நிற்பது முழு உகரம், மாத்திரை ஒன்று. கடைசியிலே, ‘பு’வில் ஒளிந்திருப்பது குற்றியலுகரம், வன்றொடர்க் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தோமே, அது. அதற்கு மாத்திரை அரை. தொடக்கத்திலே முழுசு, முடிவிலே பாதி. முழு உழைப்பைக் கொட்டி அரைக் கூலியை வாங்குகிறவனுக்கென்றே அமைந்த சொல்லோ என்று தோன்றிற்று, அந்தச் சீட்டைப் பார்த்தபோது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

“மேல இருக்கிறது பிள்ளையாரோ உப்போ, இருக்கட்டுங்க. கீழ எழுதியிருக்கிற தொகை சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

கூட்டிப் பார்த்தோம். சரியாக இல்லை.