உயிரோடு போன பிள்ளைக்கு ஒப்பாரி உண்டா?

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. 6,200 அடிக்கு மேல். தேயிலையைவிடக் காய்கறிதான் இங்கே அதிகம் கண்ணில் படும். ‘கறுப்பினப் பால்புதுமையினர் அடையாளமும் நாடு கடந்த தத்தும் கலையில்’ என்று இதழாசிரியர் கொடுத்த தலைப்போடு இந்தக் குளிரில் வந்து நிற்பது எனக்கே வேடிக்கைதான். ஆனால் ஜாக்கி கேயைப் படித்தவர்களுக்கு மலையகம் நினைவுக்கு வராமல் போகாது.

கேயின் தந்தை நைஜீரியர், பெற்றவள் ஸ்கொட்லாந்துக்காரி, வளர்த்தவர்கள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. தன்பால் விருப்பை மறைக்காத கவிஞர். 1998இல் வந்த ‘ட்ரம்பெட்’ நாவலில், ஆணாகவே வாழ்ந்த கறுப்பின ஜாஸ் கலைஞர் பெண்ணாகப் பிறந்தவர் என்பது அவர் செத்த பிறகுதான் தத்து மகனுக்குத் தெரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிது, 1991இன் ‘தி அடாப்ஷன் பேப்பர்ஸ்’. பெற்றவள், வளர்த்தவள், மகள் மூவரும் அதில் வேறுவேறு அச்செழுத்தில் பேசுகிறார்கள்.

மலையகத்திலிருந்து தத்துப்போன பிள்ளைகளின் கதையில் பெற்றவள் பேசவில்லை.

இலங்கையிலிருந்து சுமார் 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனதாக மதிப்பீடு, பெரும்பாலும் 1980களில். தத்துப் பத்திரங்களில் பொய் இருந்ததையும், தாயென்று நடிக்கக் கூலிக்குப் பெண்கள் பிடிக்கப்பட்டதையும் 2017இல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்று காட்டியது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. போன பிள்ளைகள் நன்றாகத்தானே வாழ்கிறார்கள் என்பாரும் உண்டு. இருக்கட்டும்.

என்னை அரிப்பது பத்திரம்தான். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. சட்டப்படி அது பெரும்பாலும் தீர 2003 ஆயிற்று. தாய்க்கே பத்திரமில்லாத காலத்தில் பிள்ளையின் பத்திரத்தில் யார் பெயர் இருந்திருக்கும்? கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை வைத்துக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் எந்த லயத்தில் தேடுவார்?

இழப்புக்கு அழ இங்கே வழி இல்லாமல் இல்லை. தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து நடக்கும். ரதி வேடம் கட்டுவது ஆண். காமனை இழந்த ரதியாக அவன் புலம்பும்போது லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள்; யாரும் முகம் சுளிப்பதில்லை. (தன்பால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365ஆம் பிரிவுக்குத்தான் இந்தப் பெருந்தன்மை இல்லை.) செத்தவருக்கு ஒப்பாரி இருக்கிறது. உயிரோடு கொடுத்துவிட்ட பிள்ளைக்கு எந்தப் பாட்டைப் பாடுவது?

அந்தத் தாய்மாரில் இளையவர்களுக்கே இப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் லயத்தில் அப்படி ஒரு அம்மாயி இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரும்பினால் மட்டும், பிள்ளை பிறந்த மாதத்தையும் ஆஸ்பத்திரியையும் கேட்டு எழுதி வையுங்கள்.