உப்புக்காற்றும் ஒரு பின்னும்

வீட்டுச் சாதனங்கள்: பழுதும் பரிகாரமும் – 9

மழையில் டிஷ் டிவி படம் மறைவதைப் போன வாரம் பார்த்தோம். அது வானத்துச் சங்கதி. மழை விட்டதும் படம் வந்துவிடும், மெக்கானிக்குக் கொடுக்கிற காசு தண்டம். இந்த வாரம் வேறு நோய். மழையே இல்லாத நாளில், விடியற்காலையில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வெயில் ஏறினால் தானாகவே சரியாகிவிடுகிறது. மறுநாள் விடிந்தால் பழையபடி.

இந்த நோய்க்கு ஏற்ற ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே, சாலையை ஒட்டியே பாத்தி பாத்தியாக உப்பளம். ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் உப்பளக் காற்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். குவித்து வைத்த உப்பு ராத்திரியில் கசிவதை உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே உப்பில் ஒரு துளி மாடியிலிருக்கும் டிஷ்ஷில் கேபிளைச் செருகும் பின்னுக்குள் புகுந்திருந்தால், அதுவும் ராத்திரியில் கசியும், வெயிலில் காயும். படம் உடையும் நேரமும் அதுதான்.

இங்கிருந்து பார்த்தால், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் தென்கிழக்கில், ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதாவது தட்டு கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. தட்டுக்கு முன்னால் நீட்டிய கையில், அலையைப் பிடிக்கும் எல்.என்.பி. இருப்பதால், உப்புக்காற்று முதலில் மோதுவது அதன் பின்னில்.

ஈரம் மட்டும் இவ்வளவு சேதம் செய்யாது. எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரத்தையும் டிவி பக்கத்தில் இருக்கும் செட்-டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாகத்தான் அனுப்புகிறது, 13 அல்லது 18 வோல்ட். உப்புநீரும் நேர்மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரையும். ஊர் மெக்கானிக் ஒருவர் அப்படி ஒரு பின்னைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்தேன். உள்ளே பச்சைக் களிம்பு பொடியாகப் பூத்திருந்தது. நடுக்கம்பியை நகத்தால் லேசாகத் தட்டினார், முறிந்து விழுந்தது. “வீட்டுக்காரர் ஏற்கெனவே பாக்ஸை மாத்திட்டார் சார்” என்றார்.

பாக்ஸை மாற்றுவதற்கு முன் ஒன்று கவனியுங்கள். சில சேனல்கள் ஒழுங்காக வந்து, வேறு சில மொத்தமாக வராமல் போனால் பின்னையோ கேபிளையோ சந்தேகப்படலாம். எந்த வகை அலையைப் பிடிப்பது என்பதை எல்.என்.பி. அந்த 13, 18 வோல்ட்டை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. களிம்பால் 18 வோல்ட் வழியிலேயே குறைந்துபோனால், அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும்.

பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்னைக் கழற்றுங்கள். செம்பு பளபளவென்று தெரியும் வரை கேபிளை வெட்டுங்கள். மேலே சுற்றிய வலை கறுத்திருந்தால் இன்னும் வெட்டத்தான் வேண்டும், கஞ்சத்தனம் கூடாது. நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. கடலோரத்தில் அது உழைக்காது, முழுச் செம்புக் கேபிளாக வாங்குங்கள். புதுப் பின்னின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எலக்ட்ரீஷியன் டேப்பை நான் நம்புவதில்லை. வெயிலில் பசை போனதும் அதுவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

புயலுக்குப் பின் வரும் கோளாறு இந்தக் கணக்கில் சேராது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அந்த மாதிரிக் காற்றில் தட்டு ஓரிரு டிகிரி திரும்பினாலே போதும், நாள் முழுக்கப் படம் இருக்காது. விடியல், வெயில் என்ற கணக்கே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், காலை பதினொரு மணி வாக்கில், பளிச்சென்ற வெயிலில் சில நிமிடங்கள் மட்டும் படம் போகும். அதில் பின்னுக்கும் பங்கில்லை, புயலுக்கும் பங்கில்லை. சூரியன் செய்கிற அந்த வேலையை அடுத்த வாரம் பார்ப்போம்.