மேசைமேல் ஒரு சரக்கு யார்டு

மாதிரி ரயில் என்றதும் நினைவுக்கு வருவது, வட்டத் தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் பொம்மை வண்டிதான். மாணவர்கள் அதைப் பத்து நிமிடம் ரசிப்பார்கள். அதற்குமேல் அதில் செய்ய அவர்களுக்கு எதுவும் இல்லை. வகுப்பறைக்கு வட்டத்தைவிட யார்டே பொருத்தம். பெட்டிகளைப் பிரித்து, வரிசை மாற்றி, மீண்டும் கோத்து அனுப்பும் இடம் அது.

தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. துறைமுகச் சரக்கும் எண்ணெய் டேங்கர்களும் இன்றும் இந்தப் பகுதியின் அன்றாடக் காட்சி. வேகன்கள் இடித்து இணையும் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளை, விகிதக் கணக்கு என்றதும் கடைசி பெஞ்சுக்கு நகர்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கினால் என்ன?

முதல் முடிவு அளவு விகிதம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மாதிரி ரயில் ‘எச்ஓ’ வகை: விகிதம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. பாதை கொண்ட நாடுகளுக்காக உருவானது. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும், பொருந்தாது. 100ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.76 மி.மீ. கடைத் தண்டவாளத்தோடு கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! ஆக, நம் ஊர் ரயிலுக்கு 1:100 நன்றாகவே பொருந்துகிறது. ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுவதால் ஆறாம் வகுப்பு மாணவரே மனக்கணக்காகச் செய்யலாம். சுமார் 10.7 மீட்டர் நீளமுள்ள நிலக்கரி வேகன் 10.7 செ.மீ. அட்டைப் பெட்டி ஆகும். 2.75 மீட்டர் கான்கிரீட் சிலிப்பருக்கு, மருந்து நீக்கிய தீக்குச்சியை 2.75 செ.மீ.க்கு நறுக்கினால் போதும். சிலிப்பர்களுக்கு இடையே ஏறத்தாழ 6 மி.மீ. விட வேண்டும்.

வட்டம் ஏன் பொய் சொல்கிறது என்பதும் இங்கே தெரிந்துவிடும். அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். 1:100இல் அது 1.75 மீட்டர், முழு வட்டம் போட்டால் குறுக்களவு மூன்றரை மீட்டர். எந்த மேசையில் வைப்பது? யார்டு நேர்க்கோடு என்பதால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் அடங்கிவிடும்.

யார்டின் உயிர் ‘பாயிண்ட்’. கூராகச் சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் சேர்ந்தே நகரும். ஒன்று பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டும்போது மற்றொன்று விலகி நிற்கும். சக்கரத்தின் உட்புற விளிம்பு, ஒட்டியிருக்கும் நாக்கின் வழியே போகும். தடித்த அட்டையில் நாக்குகளை வெட்டி, குண்டூசியை அச்சாகக் குத்தி, ஒரு குச்சியால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். இரண்டு நாக்கும் பாதியில் நின்றால் வண்டி தடம்புரளும் என்பதை மாணவர்களே தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

இப்போது விளையாட்டு. இங்கிலாந்தின் மாதிரி ரயில் கலைஞர் ஆலன் ரைட் வடிவமைத்த ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ என்ற புதிர் உலகெங்கும் பெயர் பெற்றது. இரண்டு பாயிண்ட், மூன்று கிளைத்தடங்கள். ஒரு தடத்தில் ஐந்து வேகன் நிற்கலாம், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் தடத்தில் எஞ்சினோடு மூன்று வேகனுக்குத்தான் இடம். மொத்தம் எட்டு வேகன்கள். எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகன்களையும் நீளமான தடத்தில் கோத்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது; எஞ்சின் இழுக்கலாம், தள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் நான்கு வேகன்களை வைத்து இதை வெறும் வரிசை விளையாட்டாக ஆடலாம். பதினோராம் வகுப்பில், எத்தனை விதமான வரிசைகள் கேட்கப்படலாம் என்று கேளுங்கள்: 8×7×6×5×4 = 6720. வரிசைமாற்றச் சூத்திரத்தை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. ஷண்டிங்கில் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது ரயில்வே விதி. 1:100இல் அது வினாடிக்கு 4 செ.மீ. சற்று அதிகம். கைக்கடிகாரத்தோடு தள்ளச் சொல்லுங்கள். கை தானாகவே வேகமெடுக்கும், கட்டுப்படுத்துவது சிரமம்.

மின்சாரத்தில் ஓடும் எஞ்சின் கிடைத்தால் அறிவியல் பாடத்துக்கும் உதவும். பொதுவாக 12 வோல்ட் நேர்மின்னோட்டம்; இரண்டு தண்டவாளங்களே இரண்டு கம்பிகள். முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். வாங்க முடியாவிட்டால் பெரிய இழப்பு இல்லை. புதிருக்கு அட்டை எஞ்சினே போதும்.

ஒரு கணக்கை மட்டும் மேசையை விட்டு வராந்தாவுக்குக் கொண்டுபோக வேண்டும். வேகமாக வரும் சரக்கு வண்டி, பிரேக் போட்டபின் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் வரைகூட ஆகலாம். 1:100இல் அது 10 மீட்டர். சாக்பீஸால் கோடு போட்டு ஒரு முனையில் அட்டை எஞ்சினை வையுங்கள். மறுமுனையில் ஒன்றே முக்கால் செ.மீ. உயரத்தில் ஒரு காகித மனிதனை நிறுத்துங்கள். பிறகு எஞ்சின் பக்கம் குனிந்து, ஓட்டுநரின் இடத்திலிருந்து அவனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும்.

இதற்காக மாணவர்களை உண்மையான யார்டுக்குள் அழைத்துச் செல்லக் கூடாது. வேகன்களை அருகில் பார்க்க விரும்பினால், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்கு அளவு நாடாவோடு போங்கள்.