கணுவுக்குள் ஒரு தகப்பன்

எதிரே புதராய் அடர்ந்திருப்பது ஈத்தை; மூங்கில் இனம். அதன் கழியில், கணுவை ஒட்டி, பூச்சியோ எலியோ துளைத்த சிறு பிளவு தெரிகிறதா? சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள ஒரு பச்சைத் தவளை உடலைக் குறுக்கி அதன் வழியே உள்ளே நுழைகிறது. பெயர் வெண்புள்ளிப் புதர்த்தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியான அகத்தியமலைப் பகுதிதான் இதன் ஊர்.

1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு நூறாண்டுக்கு மேல் ஆய்வாளர் எவர் கண்ணிலும் படவில்லை. கழிக்குள் இது குடும்பம் நடத்தும் விதம் 2014-இல்தான் ஆய்வேடுகளில் வெளிவந்தது.

மழைக்காலத்தில் ஆண் உள்ளிருந்தபடியே பெண்ணை அழைக்கும். பெண் வந்து உட்சுவரில் சில முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணின் பொறுப்பு. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். அதுவரை ஆண் அருகிலேயே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முட்டைகளைத் தின்ன வருவது பெரும்பாலும் இதே இனத்தின் வேறோர் ஆண்தான்! வியப்பான வாழ்க்கை இது.

மிக அருகிவிட்ட இனம். ஈத்தையை வெட்டினால் இதற்கு வீடில்லை. கழிகளைத் தட்டவோ வளைக்கவோ பிளவுக்குள் குச்சி விடவோ வேண்டாம்.